கோட்பாட்டுக்கும் சொந்த ஊர் உண்டு



எதை உற்பத்தி செய்வது? எப்படி உற்பத்தி செய்வது? யாருக்காக உற்பத்தி செய்வது? பொருளியல் வகுப்பில் முதல் வாரமே கரும்பலகையில் எழுதிப் போடுகிற மூன்று கேள்விகள் இவை. தேர்விலும் தவறாமல் வரும். ஆனால் வயலில் நிற்கிற உழவனிடம் கேட்டுப் பாருங்கள், பட்டறை போட நினைக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மனத்தில் முதலில் எழுகிற கேள்வி வேறு. எங்கே? சந்தை எவ்வளவு தூரம்? தண்ணீர் இருக்கிறதா? லாரி வருமா? இந்த ‘எங்கே’ என்ற கேள்வி நம்முடைய பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து எப்படிக் காணாமல் போயிற்று?

அந்தக் கேள்வியின் கதையைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்டவர்கள் யார், மறந்தவர்கள் யார் என்பது கதையின் ஒரு பாதி. அவரவர் எந்த ஊரில் நின்றுகொண்டு பேசினார்கள் என்பது மறு பாதி. மனிதர்களுக்கு மட்டுமல்ல, கோட்பாடுகளுக்கும் சொந்த ஊர் உண்டு. ‘எனக்கு ஊரே கிடையாது, நான் எல்லா நாட்டுக்கும் பொது’ என்று சொல்லிக்கொண்டு வருகிற கோட்பாட்டிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அயர்லாந்துக்குப் போவோம். கிராம்வெல்லின் ஆங்கிலப் படை அந்த நாட்டை அடக்கி முடித்திருந்தது. படைவீரர்களுக்குச் சம்பள பாக்கி. கையில் பணம் இல்லை. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களிடம் பறித்த நிலம்தான் இருந்தது. அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றால் அளக்க வேண்டும். அளக்கிற ஒப்பந்தத்தை 1654ஆம் ஆண்டின் இறுதியில் எடுத்தவர் ஒரு மருத்துவர். படையோடு போன வில்லியம் பெட்டி. கற்ற நில அளவையாளர்கள் போதவில்லை, படைவீரர்களையே பழக்கினார். ஒருவன் சங்கிலி இழுப்பான், ஒருவன் குறித்துக்கொள்வான், மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து படம் வரைவார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு நாட்டின் பெரும்பகுதி காகிதத்துக்கு வந்துவிட்டது. கெர்ரி பகுதியில் பெட்டிக்கும் ஏராளமான நிலம் சேர்ந்தது. அது தனிக் கதை.

1662இல் வரிகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கணக்கு வருகிறது. லண்டனுக்கு வேண்டிய தானியம் 40 மைல் தொலைவிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் லண்டனுக்கு ஒரு மைல் பக்கத்தில் விளைகிற தானியத்துக்கு என்ன லாபம்? மிச்சமாகிற 39 மைல் வண்டிக் கூலி அதன் விலையிலேயே ஏறிக்கொள்ளும். ஆகவே நகரத்தை ஒட்டிய நிலத்துக்கு வாரம், அதாவது நிலக் குத்தகை, அதிகம். மண் ஒன்றே, விளைச்சல் ஒன்றே. தூரம் மட்டும்தான் வேறு. தூரத்துக்கு ஒரு விலை உண்டு என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவர், நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தவர். இது தற்செயலா? அந்தச் சங்கிலி யாருடைய நிலத்தின் மேல் இழுக்கப்பட்டது என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் யாரும் கேட்கவில்லையா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. கேட்டிருக்கிறார்கள். கௌடில்யர் பெயரால் வழங்குகிற அர்த்தசாஸ்திரத்தில், ஏழாம் அதிகரணத்தில், வணிக வழிகளைப் பற்றி ஒரு வாதம் நடக்கிறது. நீர்வழியே சிறந்தது, செலவு குறைவு, சரக்கு நிறையப் போகும் என்பது முந்தைய ஆசிரியர்களின் கட்சி. கௌடில்யர் ஒப்பவில்லை. நீர்வழியில் ஆபத்து வந்தால் தப்ப வழியில்லை, எல்லாப் பருவத்துக்கும் அது உதவாது என்கிறார். கடல்வழிதான் என்றால் நடுக்கடலைவிடக் கரையோரம் மேல், துறைமுகப் பட்டினங்கள் பல இருப்பதால். வடக்கே இமயத்துக்குப் போகும் வழியா, தெற்கே போகும் வழியா? வடக்குத்தான் என்கிறார்கள் ஆசிரியர்கள். கம்பளமும் தோலும் குதிரையும் போக, சங்கும் வைரமும் முத்தும் பொன்னும் தெற்கில்தான் மிகுதி என்று கௌடில்யர் தெற்குக்கு வாக்களிக்கிறார். இன்னொரு செய்தி. இந்த நூலின் ஓலைச்சுவடி மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கையால்தான். அங்கே நூலகராக இருந்த சாமசாஸ்திரி அதை 1909இல் அச்சிட்டார்.

ஐந்திணையை ஏன் சொல்லவில்லை என்று முன்வரிசையில் இரண்டு முகங்கள் கேட்கின்றன. மலைக்குத் தினை, வயலுக்கு நெல், கடலுக்கு மீனும் உப்பும் என்று நிலத்தோடு தொழிலைக் கட்டிப் பார்த்த மரபு நம்முடையது. உப்பு வண்டி ஓட்டி நெல்லுக்கு மாற்றிய உமணர்களைச் சங்கப் புலவர்கள் கண்ணால் கண்டு பாடியிருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் அது கவிதையின் இலக்கணம். அந்த வண்டி இன்னும் பத்துக் காதம் உள்ளே போனால் உப்பின் விலை எவ்வளவு ஏறும் என்று அங்கே யாரும் கணக்குப் போடவில்லை. இருப்பதை இருப்பதாகச் சொன்னால் போதும். எல்லாவற்றையும் நாம்தான் முதலில் சொன்னோம் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

வாருங்கள், ஸ்காட்லாந்துக்குப் போவோம். ஆடம் ஸ்மித் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? குண்டூசித் தொழிற்சாலை. புலப்படாத கரம். அவர் பிறந்த ஊர் நினைவுக்கு வருகிறதா? கிர்கால்டி, ஒரு துறைமுக ஊர். தந்தை அங்கே சுங்க அதிகாரி. மகனும் பிற்காலத்தில் எடின்பரோவில் சுங்க ஆணையராக உட்கார்ந்தார். கப்பல் வருவதையும் சரக்கு இறங்குவதையும் பார்த்து வளர்ந்த மனிதர். 1776இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் குண்டூசிக்கு அடுத்தாற்போல, மூன்றாம் அத்தியாயத்தில், ஒரு வண்டியும் ஒரு கப்பலும் வருகின்றன. குண்டூசியை எல்லோரும் படிக்கிறோம். வண்டியை ஏனோ தாண்டிப் போய்விடுகிறோம்.

அகலச் சக்கர வண்டி ஒன்று. இரண்டு ஆட்கள், எட்டுக் குதிரைகள். லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் போய்த் திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம். ஏற்றிச் செல்வது கிட்டத்தட்ட 4 டன். அதே காலத்தில் ஆறோ எட்டோ மாலுமிகள் ஓட்டுகிற ஒரு கப்பல் லண்டனிலிருந்து லீத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்புகிறது. அது சுமப்பது 200 டன். அந்தச் சரக்கைத் தரைவழியே கொண்டுபோக 50 வண்டி வேண்டும், 100 ஆள் வேண்டும், 400 குதிரை வேண்டும். எட்டு மாலுமிகள் எங்கே, நூறு ஆட்களும் நானூறு குதிரைகளும் எங்கே!

ஸ்மித் இதை எதற்காகச் சொல்கிறார்? ஸ்காட்லாந்து மலைநாட்டின் உட்பகுதியில் ஓர் ஆணிக் கொல்லன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1,000 ஆணி அடிப்பான். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 3 லட்சம் ஆணி. ஆனால் அந்த மலைக்காட்டில் ஓராண்டு முழுவதும் ஒருநாள் வேலையின் ஆணியைக்கூட விற்க முடியாது. பிறகு அவன் எப்படி ஆணி மட்டுமே அடித்துப் பிழைப்பான்? தச்சு வேலையும் பார்ப்பான், கலப்பையும் செய்வான். வேலைப் பகுப்பு சந்தையின் பரப்பைப் பொறுத்தது. சந்தையின் பரப்பு பாதையைப் பொறுத்தது. அதனால்தான் நைல் நதிக்கரையிலும் வங்காளத்தில் கங்கைக் கரையிலும் சீனத்தின் ஆறுகளிலும் தொழில் முதலில் தழைத்தது என்று அவர் விளக்குகிறார். திறமை எங்கும் இருக்கலாம். ஆறு எங்கும் இல்லையே!

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒருவர் வந்தார். கூர்மையான மூளை, நேர்மையான மனிதர். லண்டன் பங்குச் சந்தையில் பெரும் பொருள் ஈட்டிய டேவிட் ரிக்கார்டோ. 1817இல் அவருடைய நூல் வருகிறது. அதில் இங்கிலாந்தின் துணியும் போர்ச்சுகல்லின் ஒயினும் வருகின்றன. போர்ச்சுகல்லில் ஒயினுக்கு 80 ஆட்களின் ஓராண்டு உழைப்பு, துணிக்கு 90. இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100. இரண்டையும் போர்ச்சுகல்லே மலிவாகச் செய்கிறது. ஆனாலும் போர்ச்சுகல் ஒயினையும் இங்கிலாந்து துணியையும் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம். அழகான கணக்கு. நானும் பல ஆண்டுகள் ரசித்துப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இந்தக் கணக்கில் கப்பல் எங்கே? ஸ்மித்தின் மாலுமிகள் எங்கே? ஆறு வாரம் எங்கே? எதுவும் இல்லை. நான்கு எண்கள் மட்டும் இருக்கின்றன. இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு அறைகள் போல ஆகிவிட்டன. 1703இல் மெத்துவன் உடன்படிக்கை போட்டு, ஆங்கிலத் துணிக்குப் போர்ச்சுகல் கதவைத் திறந்ததும், அதற்கு ஈடாகப் போர்ச்சுகல் ஒயினுக்குச் சுங்கத்தில் சலுகை கிடைத்ததும் அந்த நான்கு எண்களில் தெரியாது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: முதலாளிகள் தங்கள் மூலதனத்தைச் சொந்த நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தயங்குவார்கள் என்பதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது என்று ரிக்கார்டோவே எழுதியிருக்கிறார். அவருக்கு இடம் தெரிந்தே இருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எண்களை எடுத்துக்கொண்டு அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டார்கள்.

ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டைப் பாருங்கள். மக்கள் தொகை பெருகப் பெருக மோசமான நிலமும் உழவுக்கு வருகிறது. கடைசி நிலத்துக்கு வாரம் இல்லை. அதைவிட நல்ல நிலத்தில் கிடைக்கிற மிகுதிதான் வாரம். இது பிறந்த இடம் எது? வெளிநாட்டுத் தானியத்துக்குத் தடை போட்டு 1815இல் சட்டம் கொண்டுவந்த இங்கிலாந்து. ஒரு பக்கம் நிலப்பிரபு, ஒரு பக்கம் மூலதனத்தோடு வருகிற குத்தகைக்காரர், ஒரு பக்கம் கூலியாள். அந்த மண்ணில் அந்தச் சண்டைக்காக எழுந்த கோட்பாடு அது.

அதைத் தூக்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். எப்படி? ரிக்கார்டோவை நூல் எழுதச் சொல்லி விடாமல் தூண்டியவர் அவருடைய நண்பர் ஜேம்ஸ் மில். இந்தியாவில் காலடி வைக்காமலே இந்தியாவின் வரலாற்றை எழுதியவர். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் போட்ட முடிச்சு இது: வாரம் என்பது யாருடைய உழைப்புக்கும் கூலி அல்ல, இயற்கையின் மிகுதி. அதை அரசே எடுத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை, விலையும் ஏறாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

புனே மாவட்டம். 1820களின் கடைசி ஆண்டுகள். கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவிக்கிற ஹெய்லிபரி கல்லூரியில் பொருளியலாளர் மால்தஸிடம் பாடம் கேட்டுவிட்டு வந்த பிரிங்கிள் என்ற அதிகாரி நிலத்தை அளக்கத் தொடங்கினார். வயல் வயலாக அளவு, மண்ணுக்குத் தரம், ஒவ்வொரு தரத்துக்கும் விளைச்சல் எவ்வளவு, சாகுபடிச் செலவு எவ்வளவு. செலவு போக நிற்கிற நிகர விளைச்சலில் 55 விழுக்காடு அரசுக்குத் தீர்வை. தாளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வயலில் என்ன நடந்தது? அளவுக்குப் போன கீழ்நிலை ஊழியர்கள் கை நீட்டினார்கள். கொடுத்தவன் நிலம் தாழ்ந்த தரமாயிற்று, கொடுக்காதவன் நிலம் உயர்ந்த தரமாயிற்று. மழை பொய்க்கிற தக்காணத்தில் சராசரி விளைச்சல் என்ற எண்ணுக்கு என்ன பொருள்? சொந்தக் குடும்பத்தோடு பாடுபடுகிற குடியானவனுக்குச் செலவு எது, மிகுதி எது? தீர்வை கட்ட முடியாமல் குடிகள் நிலத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று. 1835 முதல் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்ற இருவர் இந்தாப்பூர் தாலுகாவிலிருந்து புதிதாக அளவைத் தொடங்கினார்கள். கோட்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு மண்ணைப் பார்த்து, குடியானவனால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்துத் தீர்வையைக் குறைத்தார்கள்.

இங்கிலாந்தில் பிறந்த சிந்தனை புனேயில் குடியானவனின் அடுப்பை அணைத்தது. ரிக்கார்டோ அதை விரும்பினாரா? நிச்சயமாக இல்லை. தன் ஊரை மறைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகிற கோட்பாடு அப்படித்தான் செய்யும்.

சரி, அதே காலத்தில் ‘எங்கே’ என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்ப்போம். என் மனத்துக்கு மிகவும் பிடித்தவர். ஜெர்மனியின் வடக்கே மெக்லன்பர்க். அங்கே டெல்லோ என்ற பண்ணையை 1810இல் வாங்கினார் யோகான் ஹைன்ரிஷ் ஃபான் தியூனன். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. பண்ணைக்காரர். விளைச்சலைக் குதிரை வண்டியில் ஏற்றி ராஸ்டாக் துறைமுகத்துக்கு அனுப்புகிறவர். எத்தனை மூட்டை போயிற்று, குதிரை எத்தனை நாள் நடந்தது, என்ன தின்றது, எருவை வயலுக்கு இழுக்க எவ்வளவு நேரம் என்று ஆண்டுக்கணக்கில் பேரேடு எழுதினார். அந்தப் பேரேட்டிலிருந்துதான் 1826இல் ‘தனித்த நாடு’ என்ற நூல் பிறந்தது.

அவர் நம்மை ஒரு கற்பனைக்கு அழைக்கிறார். ஒரே மாதிரி மண்ணுள்ள பெரிய சமவெளி. நடுவில் ஒரே ஒரு நகரம். ஆறு இல்லை, கால்வாய் இல்லை. சமவெளியின் விளிம்பில் காடு. அதற்கு அப்பால் உலகத்தோடு தொடர்பில்லை. எங்கே என்ன விளையும்? நகரத்தை ஒட்டிக் காய்கறியும் பாலும். பால் அன்றைக்கே கெட்டுவிடும், காத்திருக்காது. அதற்கு அடுத்த வளையத்தில் என்ன? காடு! விறகுக்காடு. நமக்கு வியப்பாக இருக்கும். விறகு இல்லாமல் நகரத்தில் அடுப்பு எரியாது. விறகோ பாரம் அதிகம், விலை குறைவு, தூரத்திலிருந்து கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அதற்கப்பால் தானியம். முதலில் நெருக்கமான சாகுபடி, தள்ளிப் போகப்போக நிலத்தைத் தரிசு போட்டுப் பயிரிடும் முறை. கடைசி வளையத்தில் ஆடுமாடு. அவை தங்கள் காலாலேயே நடந்து சந்தைக்கு வந்துவிடுமே!

தானிய வண்டியின் கணக்கு இன்னும் சுவையானது. வண்டி நகரத்துக்குப் போய்த் திரும்புகிற வழியில் குதிரைக்கும் ஓட்டுகிறவனுக்கும் தீனி வேண்டும். அது அந்தத் தானியத்திலிருந்துதான் வர வேண்டும். தூரம் கூடக் கூட வழியில் தின்று தீர்ப்பது கூடுகிறது. ஏறக்குறைய 50 ஜெர்மன் மைல், நம் கணக்கில் 375 கிலோமீட்டர் அளவு, தள்ளிப் போனால் தானியத்தை இலவசமாக விளைவித்தாலும் நகரத்துக்குக் கொண்டுவந்து பயனில்லை. ஆனால் அதையே சாராயமாகக் காய்ச்சினால்? எடை சுண்டிவிடும், மதிப்பு ஏறிவிடும், வண்டிக் கூலி தாங்கும். சாராய வடிசாலை ஏன் தொலைதூரப் பண்ணையில் இருக்கிறது என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது.

இவ்வளவும் கற்பனைதானே, உலகம் இப்படியா வட்டவட்டமாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கும் தெரியும். அடுத்த படியில் அவரே சமவெளியில் ஓர் ஆற்றை ஓட விடுகிறார். படகுக் கூலி வண்டிக் கூலியில் பத்தில் ஒன்று என்று வைத்ததும் வளையங்கள் ஆற்றோடு நீண்டுவிடுகின்றன. கற்பனையை எளிமையாகத் தொடங்கி, உண்மையை ஒவ்வொன்றாக உள்ளே அழைப்பது அவர் வழி. பாதையை அழித்துவிட்டுப் பாதையே இல்லாத மாதிரி நடப்பது மற்றவர்கள் வழி. பெலிட்ஸ் என்ற ஊரில் அவருடைய கல்லறைக் கல்லில் கூலிக்கான அவருடைய சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள். தன் பண்ணையாட்களுக்கு 1848இல் லாபத்தில் பங்கு கொடுத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி இன்னொரு ஜெர்மானியர். ஃபிரீட்ரிஷ் லிஸ்ட். அன்று ஜெர்மனி ஒரு நாடாகவே இல்லை. ஹாம்பர்கிலிருந்து ஆஸ்திரியாவுக்குச் சரக்கு போனால் பத்துச் சிற்றரசுகளின் சுங்கச் சாவடி. உள்ளே 38 சுங்க எல்லைகள் என்று 1819இல் வணிகர்களுக்காக மனு எழுதினார் லிஸ்ட். நாட்டை விட்டுப் போக நேர்ந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ரயில் பாதை போடுவதில் இறங்கினார். திரும்பி வந்து ஜெர்மனி முழுவதற்கும் ரயில் வரைபடம் போட்டுக் காட்டினார். 1841இல் எழுதிய நூலில் இங்கிலாந்தைப் பார்த்துக் கேட்டார்: காப்பு வரி போட்டு வளர்ந்துவிட்டு, இப்போது மற்றவர்களுக்குத் தடையற்ற வாணிபம் போதிக்கிறீர்களே, இது என்ன நியாயம்? தொழிலில் இன்னும் குழந்தையாக இருக்கிற நாடுகளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

கைதட்டத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். இந்த நியாயம் எல்லா நாட்டுக்குமா? இல்லை. மிதவெப்ப மண்டலத்து நாடுகள்தான் ஆலைத்தொழிலுக்கு ஏற்றவை. வெப்ப மண்டலம் மூலப்பொருள் விளைவித்துக் கொடுத்துத் துணிமணி வாங்கிக்கொள்ள வேண்டியது என்று லிஸ்ட் எழுதினார். இடத்தை மறந்தவர் ரிக்கார்டோவின் சீடர். இடத்தை நினைவு வைத்தவர் லிஸ்ட். அவரோ நாம் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று நமக்குக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்! புவியியல் பேசுகிற எல்லோரும் நம் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது, நண்பர்களே. வெயில் நாட்டுக்காரன் சோம்பேறி என்று சொன்னதும் ஒரு வகைப் புவியியல்தான்.

இதற்கு விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? மீண்டும் புனேயிலிருந்து. பிரிங்கிளின் தீர்வை சரிந்த அதே புனே. 1892இல் டெக்கான் கல்லூரியில் மகாதேவ கோவிந்த ரானடே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பு, இந்தியப் பொருளியல். லிஸ்டைப் படித்தவர், மதித்தவர். ஆனால் வெப்ப மண்டலத்துக்கு ஒரு விதி, மிதவெப்ப மண்டலத்துக்கு ஒரு விதி என்ற பங்கீட்டை அவர் ஏற்கவில்லை. பருத்தி விளைகிற மண்ணை விட்டு ஆயிரக்கணக்கான மைல் கொண்டுபோய் நூற்று, நெய்து, திரும்ப அதே மண்ணுக்குக் கொண்டுவந்து விற்பதை இயற்கையின் கட்டளை என்று எப்படிச் சொல்வது? பண்டைக் காலத்திலிருந்து உலகுக்குத் துணி நெய்து கொடுத்த நாடு இது. பருவநிலை அப்போது எங்கே போயிருந்தது? பொருளியல் விதிகள் எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் பொது என்பதை அவர் மறுத்தார். அரசாங்க ஊதியம் வாங்குகிற நீதிபதி, ஆங்கில ஆட்சியின் நடுவே, ஒரு மேடையில் நின்று சொன்னது இது. இந்தியப் பொருளியல் சிந்தனையின் பிறந்த நாள் எது என்று என்னைக் கேட்டால் அந்தச் சொற்பொழிவைத்தான் காட்டுவேன்.

ரானடே பேசுவதற்கு இரண்டாண்டு முன்னால், 1890இல், கேம்பிரிட்ஜில் ஆல்ஃபிரட் மார்ஷல் தன் பெரிய நூலை வெளியிட்டார். அதில் ஓர் அத்தியாயம், ஒரே தொழில் ஒரே ஊரில் குவிவதைப் பற்றியது. ஷெஃபீல்டில் கத்தி, ஸ்டாஃபர்ட்ஷயரில் மண்பாண்டம், லங்காஷயரில் பருத்தி. தொழில் ஓர் ஊரில் தங்கிவிட்டால் அதன் நுணுக்கம் தெருவெல்லாம் பரவிவிடுகிறது. பிள்ளைகள் அறியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. இதற்கு விளக்கம் வேண்டும் என்றால் நீங்கள் ஷெஃபீல்டுக்குப் போக வேண்டாம். திருப்பூர் பஸ் ஏறினால் போதும்.

ஒரு டி-ஷர்ட் ஆர்டரைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். நூல் வாங்கியாயிற்று. நிட்டிங் ஒரு சந்தில். துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்கு. திரும்பி வந்து காம்பாக்டிங் இன்னோர் இடத்தில். பிரிண்டிங் வேறொரு கூடத்தில். கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டறை, ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முதலாளி. அவர்களில் பலர் நேற்று வரை மிஷினில் உட்கார்ந்தவர்கள். ஆர்டர் பெருத்துவிட்டால் அடுத்த தெருவில் ஜாப் ஒர்க் கொடுத்துவிடலாம். மிஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் டீக்கடையிலேயே இருப்பார். எந்தக் கம்பெனியில் பேமெண்ட் இழுக்கிறது என்பது பேக்கரி பெஞ்சில் தெரிந்துவிடும். ஊரே ஒரு தொழிற்சாலை. மார்ஷல் பார்த்திருந்தால் தனி அத்தியாயம் எழுதியிருப்பார்.

ஆனால் மார்ஷல் கணக்கில் எடுக்காத ஒன்று அந்த ஊர் வழியே ஓடுகிறது. நொய்யல். சாயக் கழிவு ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கீழ்ப்பக்கத்து உழவர்கள் வழக்குமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. குவிவதில் ஆதாயம் உண்டு. அந்த ஆதாயம் ஊருக்குள் தங்கிவிடும். அதன் கழிவு ஆற்றோடு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆதாயத்தை எழுதிய பொருளியல் கழிவை எழுத நீண்ட காலம் எடுத்துக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டை வேகமாகக் கடக்கிறேன். முதலில் இரண்டு பேரை நிறுத்திப் பார்ப்போம். வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து, சிற்றூர், சந்தை ஊர், நகரம் என்று அடுக்கடுக்காக அறுகோண வலை வரைந்தார். அருமையான ஆராய்ச்சி. பிறகு என்ன செய்தார்? போர்க்காலத்தில் நாஜி அரசின் திட்ட அலுவலகத்தில் அமர்ந்து, கைப்பற்றிய போலந்தில் ஜெர்மானியர்களைக் குடியேற்ற அதே வலையை விரித்தார். அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் அவர் படத்தில் இல்லை. இன்னொருவர் ஆகஸ்ட் லோஷ். ஏறக்குறைய அதே அறுகோணத்தை வேறு வழியில் எட்டியவர். 1940இல் நூல் எழுதியவர். நாஜிகளுக்கு அடிபணிய மறுத்தார். அதனால் பல்கலைக்கழகப் பதவிக்கு வழியில்லாமல் போயிற்று. போர் முடிந்த அதே மே மாதத்தில், 1945இல், நோயில் இறந்தார். வயது நாற்பதைத் தொடவில்லை. அறுகோணம் இருவருக்கும் ஒன்றுதான். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர் ஒருவர், கேட்காதவர் ஒருவர்.

அமெரிக்காவில் வால்டர் ஐசார்டு, உங்கள் பொருளியலில் நீளமும் இல்லை அகலமும் இல்லையே என்று 1950களில் கடிந்துகொண்டார். 1991இல் பால் குரூக்மன் ‘எங்கே’ என்ற கேள்வியைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார். 2008இல் நோபல் பரிசு வந்தது. தொழில் ஓர் இடத்தில் குவியக் குவிய, அந்தக் குவியலே மேலும் குவிவதற்குக் காரணமாகிறது என்பது அதன் சாரம். புவியியலாளர்களுக்கு மனக்குறை. குரூக்மனின் மாதிரியில் இடம் என்ற எண் இருக்கிறதே தவிர, ஓர் ஊர்கூட இல்லையே என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் மறந்துபோன கேள்வியைப் பாடப்புத்தகத்துக்குள் திரும்பக் கொண்டுவந்த கடனுக்கு நாம் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்திலிருந்து வந்தவர். எந்தப் புத்தகத்தை வைத்து இந்தியப் பொருளியலை நடத்துவது? புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்காமல், ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்துத் தன் மாணவர்கள் கையில் கொடுத்தார். அவரவர் சொந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்து எழுதிவரச் சொன்னார். நிலம் யார் கையில், கிணறு எத்தனை, வட்டி என்ன, கூலி நெல்லா காசா, யார் ஊரை விட்டுப் போனார்கள். தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, தஞ்சையில் பாலக்குறிச்சி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், ராமநாதபுரத்தில் வடமலைபுரம், வடார்க்காட்டில் தூசி என்று அந்த ஊர்களின் கதை 1918இல் நூலாக வந்தது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மீண்டும் ஆள் அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் சில ஊர்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரே ஊரை ஒரு நூற்றாண்டாகப் பார்க்கிற வாய்ப்பு எத்தனை நாட்டுப் பொருளியலுக்குக் கிடைத்திருக்கிறது?

அந்த முதல் அளவைக்குப் போனவர்கள் உங்கள் வயது மாணவர்கள்தான். கையில் கணினி இல்லை, செல்போன் இல்லை. நோட்டும் பென்சிலும் இருந்தன. விசாரித்தால் பதில் சொல்கிற சொந்தக்காரர்கள் ஊரில் இருந்தார்கள். அரையாண்டு விடுமுறை வருகிறது. எல்லோரும் ஊருக்குத்தான் போகப்போகிறீர்கள். இந்த முறை போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊரில் விளைவது எந்தச் சந்தைக்குப் போகிறது, வண்டி வாடகை எவ்வளவு, போர்வெல் எத்தனை அடி, பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள், வடநாட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதி வருகிறவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டினால் உட்கார்ந்து படித்துப் பேசக் காத்திருக்கிறேன்.